ஏற்காட்டில் முட்டைக்கோஸ் ஏன் பூக்கவில்லை? ஒரு மரபணு அடங்குவது பற்றி

கன்னங்குறிச்சி மாடித்தோட்டம் | மார்ச் 9, காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். போன ஆகஸ்டில் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மச்சான் இடத்தில் முட்டைக்கோஸ் நாற்று பதினான்கு நட்டோம். பதினொன்று பொரியலுக்கும் கூட்டுக்கும் போயிற்று. மூன்றை மட்டும் விதைக்கென்று விட்டு வைத்தேன். பக்கத்துப் பாத்தியில் இருந்த முள்ளங்கி இடுப்பளவு தண்டு விட்டு, வெள்ளையாகப் பூத்து, நெற்றும் பிடித்துவிட்டது. கோஸ் மட்டும் தலை வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து மறுபடி இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கிறது. மார்ச்சும் வந்துவிட்டது.

விதைக்கடையில் கேட்டால் "ஹைப்ரிட் சார், விதை வராது" என்றார்கள். விதை வராவிட்டால் போகட்டும், பூவாவது வரவேண்டாமா? பயோடெக் படிக்கும் அண்ணன் மகளிடம் கேட்டேன். "சித்தப்பா, அதுக்குள்ள எஃப்.எல்.சி. இன்னும் அடங்கல" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள். எது அடங்கவில்லை? யார் அடக்க வேண்டும்?

நாகலூர் காபி | மார்ச் 9, காலை 11.40

குளிர் போதவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒரு கோஸ் பூத்து நான் பார்த்ததில்லை. டிசம்பர் ராத்திரியில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாதுதான். ஆனால் பத்து மணி வெயிலுக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறோமே, அது கோஸுக்குக் குளிர் ஆகாது. இந்த ரகங்களுக்கு விதை எடுப்பது இமாசலத்தில், காஷ்மீரில். குலு பள்ளத்தாக்கில் கட்ராயின் என்ற ஊரில் இதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

எனக்கும் ஒரு கேள்வி. காபி மொட்டு தை, மாசியில் அசையாமல் நிற்கிறது. ஒரு பூ மழை பெய்தால் எட்டாம் நாள், பத்தாம் நாள் மலை முழுக்க வெள்ளை. அதுவும் இந்த அடங்குகிற கதைதானா?

தட்டுவடை செட் | மார்ச் 9, பகல் 12.05

என் வீட்டிலும் இரண்டு பேர் அடங்கவில்லை. அதற்கும் மரபணு காரணமா என்று யாராவது சொல்லவும்.

பூக்காத கடுகு | மார்ச் 9, இரவு 10.31

சேலத்துப் பெண்தான், இப்போது வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். நாள் முழுக்க இந்த எஃப்.எல்.சி.யோடுதான் குடும்பம் நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, உங்கள் அண்ணன் மகள் சொன்னது சரி. எஃப்.எல்.சி. என்பது "இப்போது பூக்காதே" என்று சொல்கிற ஒரு புரதத்தின் மரபணு. செடியைப் பூக்க வைக்கும் எஃப்.டி., எஸ்.ஓ.சி.1 என்ற மரபணுக்களின் மேல் அந்தப் புரதம் போய் உட்கார்ந்து, அவற்றை வேலை செய்ய விடாது. 1999இல் அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில் இதைப் பிரித்தெடுத்தார்கள். அது கடுகுக் குடும்பம்; கோஸும் முள்ளங்கியும் அதே குடும்பம். கோஸில் இந்த மரபணுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களே இருக்கின்றன.

பல வாரக் குளிர் பட்டால் எஃப்.எல்.சி. அடங்கும். குளிர் போய் வெயில் வந்த பிறகும் அடங்கியே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் தட்பப்பதனம் என்று படித்தோமே, அதன் உள்வேலை இதுதான். உங்கள் முள்ளங்கி நம் வெயில் ஊர் ரகமாக இருக்கும், அதற்கு இந்தக் குளிர் தேவையில்லை.

டி.என்.ஏ. நூல் சும்மா கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில், உருண்டைக்கு 147 டி.என்.ஏ. எழுத்து என்ற கணக்கில், ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கிறது. அந்த மொத்தக் கட்டுமானத்துக்குப் பெயர் குரோமாட்டின். உருண்டையிலிருந்து ஹிஸ்டோனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஹிஸ்டோனின் வாலில் 27ஆவது இடத்தில் இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலத்தில் மீதைல் என்ற சின்ன வேதிக்குழு மூன்று ஒட்டினால் அந்த மரபணு அடங்கும். 4ஆவது இடத்தில் மீதைல் இருந்தால் பொதுவாக மரபணு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த 27ஆவது இடத்துக் குறியை வைக்கிற குழுவுக்குப் பாலிகோம்ப் என்று பெயர்.

குளிரில் வி.ஐ.என்.3 என்ற புரதம் மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் சேர்கிறது. அது பாலிகோம்ப் குழுவோடு சேர்ந்து எஃப்.எல்.சி.யின் தொடக்கத்தில் ஏறக்குறைய மூன்று உருண்டைகளில் மட்டும் குறி வைக்கிறது. வெப்பம் திரும்பியதும் அந்தக் குறி மரபணு முழுக்கப் பரவி நிலைத்துவிடுகிறது. ஒரு ராத்திரிக் குளிருக்கு இது நடக்காது. அராபிடாப்சிஸுக்கே ஆய்வகத்தில் 4, 5 டிகிரியில் நான்கிலிருந்து எட்டு வாரம் வைக்கிறோம்.

காபி ஐயா, உங்கள் மொட்டு வேறு கதை. அது வறட்சியில் உறங்கித் தண்ணீரில் விழிப்பது. குளிர்க் கணக்கு அங்கே இல்லை.

ஆத்தூர் குச்சிக்கிழங்கு | மார்ச் 10, காலை 6.20

நல்லா எழுதறீங்கம்மா. மரபணுவை அடக்குவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது வேறு. மரவள்ளியில் தேமல் வருகிறதே, வெள்ளை ஈ கொண்டுவருவது, அதைச் செடியே அடக்கிப் புது இலையைச் சுத்தமாகத் தள்ளும் என்று ஏத்தாப்பூரில் ஒரு பயிற்சியில் சொன்னார்கள். என் வயலிலும் பார்த்தேன். கீழ் இலையெல்லாம் மஞ்சளாகச் சுருண்டு கிடக்கும், சித்திரை வெயிலில் விடுகிற கொழுந்து கொஞ்சம் தெளிவாக இருக்கும். அப்புறம் அதே குச்சியை வெட்டி நட்டால் மறுபடி தேமல். இரண்டும் ஒன்றா?

பூக்காத கடுகு | மார்ச் 10, இரவு 9.50

அண்ணா, நீங்கள் வெயிலையும் சேர்த்துக் கவனித்திருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான இடம்.

தேமல் வைரஸின் டி.என்.ஏ. சின்ன வளையம். செல்லின் உட்கருவுக்குள் போய், செடியின் ஹிஸ்டோன்களையே சுற்றிக்கொண்டு ஒரு குட்டிக் குரோமோசோம் போல உட்கார்ந்துகொள்ளும். செடி அதன் ஆர்.என்.ஏ.வை (டி.என்.ஏ.வைப் படித்து எடுக்கிற நகல்) நறுக்கி 21லிருந்து 24 எழுத்து நீளத் துண்டுகளாக்குகிறது. ஆர்கோனாட் என்ற புரதங்கள் அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகின்றன. 24 எழுத்துத் துண்டுகள் வைரஸ் டி.என்.ஏ.வின் மேலேயே மீதைல் ஒட்ட வழி காட்டுகின்றன. வைரஸும் சும்மா இருப்பதில்லை, இந்த வேலையைக் கெடுக்கவே ஏ.சி.2, ஏ.சி.4 என்று புரதங்கள் வைத்திருக்கிறது. அதனால்தான் தெளிந்த மாதிரி தெரிந்த குச்சியிலும் வைரஸ் மிச்சம் இருக்கும். அதை நடவுக்கு வெட்டாதீர்கள்.

இந்தச் சின்னத் துண்டு வேலை 25 டிகிரியிலிருந்து 30க்கு ஏறும்போது வலுக்கிறது, குளிரில் தளர்கிறது. மரவள்ளியிலேயே சோதித்துப் பார்த்த முடிவு அது. கோஸில் எஃப்.எல்.சி. அடங்கக் குளிர் வேண்டும், உங்கள் மரவள்ளிக்கு வெயில் வேண்டும். இரண்டுக்கும் அடக்குவது என்று ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம் வரத்தான் செய்யும்.

பழைய நோட்டுப்புத்தகம் | மார்ச் 11, காலை 7.15

தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மாணவிக்கு வாழ்த்து. ஒன்றை விட்டுவிட்டீர்கள். எஃப்.எல்.சி.யை அடக்குவது குளிர் மட்டுமல்ல, எஃப்.சி.ஏ. என்ற புரதமும்தான். அது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம், கூடவே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் ஏற்பியும் அதுவே. என் குறிப்பில் 2006, நேச்சர் இதழ் என்று எழுதி வைத்திருக்கிறேன். செடி வறட்சியை உணர்ந்து பூப்பதற்கு இதுவே விளக்கம். காபிக்காரர் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது.

பூக்காத கடுகு | மார்ச் 11, இரவு 8.44

ஐயா, மன்னிக்கணும். அந்தக் கட்டுரையை 2008இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எஃப்.சி.ஏ. அந்த ஹார்மோனைப் பிடிக்கிறது என்ற முடிவு மறுபடி செய்து பார்த்தபோது நிற்கவில்லை. வேறு ஏற்பிகள்தான் என்று 2009இல் தெளிவாகிவிட்டது. உங்கள் குறிப்பின் முதல் பாதி, ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம் என்பது, முழுக்கச் சரி.

பழைய நோட்டுப்புத்தகம் | மார்ச் 11, இரவு 9.30

அப்படியா. இரண்டு வருஷம் வகுப்பில் வேறு அதைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டுவிட்டேன்.

ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. ஆர்.என்.ஏ. என்பது மரபணுவைப் படித்த பிறகு வருவது. பின்னால் வருவதைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருக்கிற டி.என்.ஏ.வை எப்படி அடக்க முடியும்? பிரசங்கம் முடிந்து வெளியே வருகிறவனைப் பிடித்துக்கொண்டு பிரசங்கத்தை நிறுத்துகிற மாதிரி இருக்கிறது.

தட்டுவடை செட் | மார்ச் 11, இரவு 9.41

சார் கேட்டதுதான் எனக்கும் (முதல் வரி வரைக்கும் புரிந்தது).

பூக்காத கடுகு | மார்ச் 12, இரவு 11.18

இதற்காகத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். ஐயா கேட்ட கேள்வியைத்தான் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஜான் இன்ஸ் ஆய்வு மையத்தில் கரோலின் டீன் குழு பல ஆண்டுகளாகத் துரத்துகிறது. எஃப்.சி.ஏ. மரபணுவை 1997இல் பிரித்தெடுத்ததும் அவர்கள்தான். எஃப்.சி.ஏ. கெட்டுப்போன செடி இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போய்த் தாமதமாகத்தான் பூக்கும். பக்கத்தில் சாதாரணச் செடி காய்த்து உலர்ந்து போயிருக்கும், இது பச்சை ரோஜாப்பூ மாதிரி மண்ணோடு படிந்து கிடக்கும். ட்ரேயைக் கையில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

எஃப்.எல்.சி. மரபணுவைச் செல் இரண்டு பக்கமிருந்தும் படிக்கிறது. முன்னாலிருந்து படித்தால் "பூக்காதே" புரதத்துக்கான ஆர்.என்.ஏ. வரும். மரபணுவின் வால் பக்கமிருந்து எதிர்த்திசையிலும் ஒரு படியெடுப்பு ஓடுகிறது. அந்த ஆர்.என்.ஏ.வுக்கு கூல்ஏர் என்று பெயர் வைத்தார்கள், குளிரில் கூடுகிறது என்பதால். அது நிற்க இரண்டு இடம் உண்டு. ஒன்று கிளம்பின கொஞ்ச தூரத்திலேயே. இன்னொன்று மரபணு முழுவதையும் கடந்து, எதிர் முனையில், எஃப்.எல்.சி. கிளம்புகிற இடத்துக்கே போய்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் எஃப்.சி.ஏ. கை வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற, இன்னும் டி.என்.ஏ.வை விட்டுப் பிரியாத ஆர்.என்.ஏ.வை அது பிடிக்கிறது. ஐயா, உங்கள் பிரசங்கி இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. எஃப்.ஒய். என்ற கூட்டாளியோடு, ஆர்.என்.ஏ.வை வெட்டி வால் ஒட்டுகிற இயந்திரத்தை அழைத்து வந்து, கிட்டத்து நிறுத்தத்திலேயே வெட்ட வைக்கிறது. அங்கே வெட்டு விழுந்தால் எஃப்.எல்.டி. என்ற நொதி வந்து, மரபணு நெடுக 4ஆவது இடத்து மீதைல்களை உரித்துவிடுகிறது. அதன்பின் முன்பக்கப் படியெடுப்பு தொடங்குவதும் குறைகிறது, ஓடுகிற வேகமும் குறைகிறது. பாலிகோம்ப் வந்து 27ஆவது இடத்தில் குறி வைக்க இடம் கிடைக்கிறது. இதில் வெட்டும் எஃப்.எல்.டி.யும் சேர்ந்த பகுதியை 2010இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள்.

வெட்டு விழாமல் போனால்? புதிதாக வருகிற ஆர்.என்.ஏ. தன் டி.என்.ஏ. இழையோடேயே மறுபடி ஒட்டிக்கொண்டு சிக்கு விழுகிறது, ஊசியிலிருந்து வெளியே வராத நூல் மாதிரி. எஃப்.சி.ஏ. அந்தச் சிக்கை எடுத்துவிடுகிறது என்று 2021இல் வந்தது. இந்தப் புரதங்கள் உட்கருவில் எங்கும் சீராகக் கலந்து கிடப்பதில்லை, ரசத்தின் மேல் நெய்த்துளி மிதப்பது மாதிரித் தனித்தனியாகத் திரண்டு நிற்கின்றன. 2019இல் அதையும் படம் பிடித்தார்கள்.

ஆக, எழுதி வெளியே வந்த ஆர்.என்.ஏ. போய் யாரையும் அடக்கவில்லை. படிப்பது எங்கே நின்றது என்பதே அந்த இடத்துக் குரோமாட்டினை மாற்றுகிறது. அடக்குவது என்றதும் கதவைச் சாத்திப் பூட்டுவதாகத்தான் நானும் முதலில் நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், மரபணு அடங்குவதற்கே அதை ஓயாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது!

ஆத்தூர் குச்சிக்கிழங்கு | மார்ச் 13, காலை 6.05

அப்போ எஃப்.சி.ஏ. இருக்கிற செடிக்குக் குளிரே வேண்டாமே? கோஸில் அது இல்லையா?

பூக்காத கடுகு | மார்ச் 13, இரவு 10.02

கூர்மையான கேள்வி அண்ணா. எஃப்.சி.ஏ. பாதைக்கு எதிராக எஃப்.ஆர்.ஐ. என்று ஒன்று இருக்கிறது, அது எஃப்.எல்.சி.யைத் தூக்கிவிடும். எஃப்.ஆர்.ஐ. உயிரோடு இருக்கிற ரகத்தில் எஃப்.சி.ஏ. எவ்வளவு முயன்றாலும் எடுபடாது. குளிர் வந்துதான் அடக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கிற அராபிடாப்சிஸில் எஃப்.ஆர்.ஐ. கெட்டுப்போயிருக்கிறது, அதனால் குளிரில்லாமலே பூக்கிறது. கோஸ் வகையறா இலைகளைச் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தைக் கடக்கிற வர்க்கம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிர்ப் பாதையில் கூல்ஏர் கட்டாயம் வேண்டுமா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே பக்கம் இல்லை. கூல்ஏர் இல்லாத செடியும் குளிரில் எஃப்.எல்.சி.யை அடக்கிக்கொண்டது என்று காட்டிய குழுக்கள் உண்டு. எஃப்.சி.ஏ. பாதையில் அதன் பங்குக்கு ஆதாரம் வலுவாக இருப்பதாக நான் நினைக்கிறேன்.

நாகலூர் காபி | மார்ச் 14, மாலை 7.10

பாதிக் குளிர் பட்டால் பாதி அடங்குமா? இங்கே அப்படித்தானே இருக்கும்.

பூக்காத கடுகு | மார்ச் 14, இரவு 9.25

ஐயா, ராத்திரி லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பேட்டையாகக் கரண்டு போனால் ஊரின் வெளிச்சம் மொத்தத்தில் குறையும். ஆனால் எந்தப் பல்பும் பாதியாக எரியாது. எஃப்.எல்.சி.யும் அப்படித்தான். ஒரு செல்லில் அது ஒன்று எரிகிறது, இல்லை அணைந்துவிட்டது. குளிர் நாட்கள் கூடக் கூட அணைந்த செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. கணக்கு போட்டும், செல் செல்லாகப் பார்த்தும் 2011இல் டீன் குழுவும் மார்ட்டின் ஹவார்டு குழுவும் இதைக் காட்டினார்கள். அணைந்த செல் பிரிந்தால் இரண்டு மகள் செல்லும் அணைந்தே இருக்கும்.

பழைய நோட்டுப்புத்தகம் | மார்ச் 15, காலை 7.00

அப்படியானால் விதைக்கும் அந்த நினைவு போகுமா? சோவியத் வேளாண் விஞ்ஞானி லைசென்கோ போகும் என்றுதானே சொன்னார்?

பூக்காத கடுகு | மார்ச் 15, பகல் 1.15

போகாது ஐயா. கருவிலேயே செடி எஃப்.எல்.சி.யின் குறியை அழித்து மறுபடி எரிய வைத்துவிடும். பிள்ளைச் செடி தன் குளிர்காலத்தைத் தானே அனுபவிக்க வேண்டும். தட்பப்பதனம் என்பதற்கான சொல்லைப் பரப்பியவர் லைசென்கோதான், ஆனால் குளிரில் பெற்ற குணம் வம்சத்துக்கும் தொடரும் என்று அவர் சொன்னது பொய்த்துப்போனது. அதை எதிர்த்து நின்ற தாவர விஞ்ஞானி வாவிலோவ் 1943இல் சிறையில் இறந்தார்.

கன்னங்குறிச்சி மாடித்தோட்டம் | மார்ச் 16, காலை 8.30

இரண்டு முறை படித்தேன், முக்கால்வாசி பிடிபட்டது. சரி, மச்சான் வீட்டில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் சும்மா கிடக்கிறது. மூன்று கோஸையும் வேரோடு பெயர்த்துச் சாக்கில் கட்டி அதற்குள் வைத்தால் என்ன?

நாகலூர் காபி | மார்ச் 16, காலை 9.02

வைக்கலாம். குளிர் நாடுகளில் விதைக்கென்று கோஸை வேரோடு நிலவறையில் வைத்துக் குளிர்காலத்தைக் கடத்துவது பழைய வழக்கம். ஃப்ரீசர் பக்கம் தள்ளிவிடாதீர்கள், 5 டிகிரி போதும். அழுகல் வந்தால் உடனே இலையைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு மாதமாவது இருக்கட்டும். விதையை நனைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது கோஸிடம் செல்லாது, செடி கொஞ்சம் பெரிதாகியிருந்தால்தான் அது குளிரைக் கணக்கில் எடுக்கும்.

பூக்காத கடுகு | மார்ச் 16, இரவு 10.40

வெளியே எடுத்ததும் சேலத்துக்கு இறக்காதீர்கள் அண்ணா. குறி பரவி நிலைக்கும் முன்பு கடும் வெப்பம் பட்டால் பெற்ற குளிர் வீணாகிவிடும். நாகலூரிலேயே நிழலில் நட்டு வையுங்கள்.

கன்னங்குறிச்சி மாடித்தோட்டம் | மே 24, இரவு 8.15

கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அறுபத்தாறாம் நாள் வெளியே எடுத்தோம். ஒன்று அடி அழுகி நாற்றம் எடுத்துவிட்டது, மச்சான் மனைவி என்னிடம் பேசவில்லை. மற்ற இரண்டையும் சில்வர் ஓக் நிழலில் நட்டிருக்கிறேன்.

கன்னங்குறிச்சி மாடித்தோட்டம் | ஜூன் 29, காலை 7.50

ஒன்றில் தண்டு வந்துவிட்டது! வெடித்த தலையின் நடுவிலிருந்து முழங்கை நீளம், நுனியில் கடுகு மாதிரி பச்சை மொட்டுக் கொத்து. இரண்டு மொட்டு மஞ்சளாகப் பிரிந்திருக்கிறது. மற்றதில் நடுவில் ஏதோ குமிழ் மாதிரி தெரிகிறது. படம் போட்டிருக்கிறேன், மொட்டா இலையா? அதுவும் பூத்துவிட்டால் இரண்டுக்கும் மகரந்தம் மாற்றி விதை எடுத்துவிடுவேன்.

பூக்காத கடுகு | ஜூன் 29, பகல் 1.30

இலைதான் அண்ணா. ஆனால் முதல் செடி, ஐயோ, எவ்வளவு அழகு. உங்கள் எஃப்.எல்.சி. அடங்கிவிட்டது.

விதை விஷயத்தில் மட்டும் அந்தக் கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரியாகப் போகும். கோஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே ஹைப்ரிட் பாக்கெட்டில் வந்த செடிகள் இந்த விஷயத்தில் ஒரே வார்ப்பு, அதனால் இரண்டும் பூத்தாலும் ஒன்றின் மகரந்தத்தை மற்றது திருப்பிவிடும். சில ஹைப்ரிட்டில் மகரந்தமே இருக்காது. வேறு ரகம் ஒன்று பக்கத்தில் பூத்திருக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி மாடித்தோட்டம் | ஜூன் 29, மாலை 6.05

அப்போ அடுத்த தடவை இரண்டு ரகம் வைக்க வேண்டும், பெரிய ஃப்ரிட்ஜும் வேண்டும். மச்சான் இந்தப் பழைய ஃப்ரிட்ஜைத் திருப்பிக் கேட்கிறார்.